காட்டுக்கும் தவணை உண்டு

தேக்கா

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் தேக்கா பக்கம் போகாதீங்கக்கா, நடக்க எடம் இருக்காது" என்று சிங்கப்பூரில் இருக்கும் சித்தி மகள் இரண்டு தடவை சொன்னாள். தீபாவளிக்கு முந்தின வாரம் ரங்கநாதன் தெருவுக்குள் புகுந்து வெளியே வந்தவளுக்கு இதெல்லாம் ஒரு கூட்டமா என்று கிளம்பிவிட்டேன்.

கூட்டம்தான். ஆனால் நகராத கூட்டம். ரேஸ் கோர்ஸ் சாலையை ஒட்டிய புல்வெளியில் நம் ஆட்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சிங்கப்பூரின் அடுக்குமாடிகளைக் கட்டுகிறவர்களுக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரு நாள். ஒரு வட்டத்தில் அறந்தாங்கித் தமிழ், இன்னொன்றில் வேதாரண்யத் தமிழ், சற்றுத் தள்ளி வங்காளம். பாதிப் பேர் கையில் வீடியோ அழைப்பு. "போனத் திருப்புப்பா, கன்னுக்குட்டியக் காட்டு" என்று ஒருவர் யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தார்.

தேக்கா சந்தையில் புரோட்டாவும் மீன் குழம்பும் வாங்கிக்கொண்டு இடம் தேடியபோது, "இங்க உக்காருங்கக்கா" என்று நாற்காலியில் இருந்த பையை எடுத்தவர் பேராவூரணிப் பக்கத்துக்காரர். வந்து பதினோரு வருடமாகிறது. இப்போது வேலை தெங்காவில். அங்கே ஒரு நகரத்தையே புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"காட்டை அழிச்சுத்தானே கட்டுறாங்க?" என்றேன்.

அவர் பதில் சொல்லாமல் போனில் ஒரு படத்தைத் தேடி எடுத்தார். வேலைத்தளத்தின் தகரத் தடுப்பில் ஒட்டியிருந்த பலகை. மலைப்பாம்பு, காட்டுப்பன்றி, எறும்புண்ணி ஆகியவற்றின் படங்கள். கீழே நாலைந்து மொழிகளில் ஒரே செய்தி: விலங்கைக் கண்டால் வேலையை நிறுத்து, தொடாதே, மேற்பார்வையாளரிடம் சொல். "இதுல எறும்புண்ணின்னு போட்டிருக்கான். எங்க ஊர்ல அழுங்கும்போம். சின்ன வயசுல தாத்தா ஒண்ணு காட்டினாரு. அதுக்கப்புறம் இந்தப் போர்டுலதான் பாக்குறேன்."

"நிஜமா நிறுத்துவாங்களா?"

"ஒரு நாள் மலைப்பாம்பு படுத்திருந்துச்சு. ஹிட்டாச்சிய ஆஃப் பண்ணிட்டு அரை நாள் சும்மா உக்காந்திருந்தோம். ஆளுங்க வந்து சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போனாங்க. அந்த அரை நாளுக்கும் சம்பளம் குடுத்தான்க்கா." மலைப்பாம்பைவிட அந்தச் சம்பளம்தான் அவருக்கு ஆச்சரியம்.

ஊரில் மனை வாங்கியிருக்கிறார். ஆறு சென்ட். முன்பு இரண்டு போகம் விளைந்த நஞ்சை. பிறகு தரிசாகப் போட்டு, கல் நட்டு, வண்ணக்கொடி கட்டி விற்றார்கள். அங்கீகாரம் உண்டு என்று இரண்டு தடவை சொன்னார். தமிழ்நாட்டில் அங்கீகாரம் என்ற சொல்லுக்கு ஒரு தனிக் கதை இருக்கிறது. 2016இல் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தது. மறு வருடமே அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் போட்ட மனைப்பிரிவுகள் கட்டணம் கட்டி நேராகிக்கொள்ளலாம் என்றது. தேதிக்கு முந்தினது பாவமில்லை.

"கார்த்திகையில முழங்கால் தண்ணி நிக்கும். அதனாலென்ன, மண்ணடிச்சு ஒசத்திக்கலாம்" என்றார்.

நான் புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே தலையாட்டினேன். மடிப்பாக்கத்தில் நான் குடியிருக்கும் அடுக்ககமும் மண்ணடித்து ஒசத்தியதுதான். அதை அவரிடம் சொல்லவில்லை.

உலு பாண்டான்

சிங்கப்பூரில் ஆறரை மணிக்கும் இருட்டாகவே இருக்கிறது. ஏழு மணிக்குத்தான் விடிகிறது. பால் இல்லாமல், சர்க்கரை இல்லாமல், கசாயம் போன்ற கோப்பியைக் குடித்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். சித்தி மகளின் கணவருக்குப் பெரியப்பா முறை. வயது 76. கழுத்தில் தொலைநோக்கி, கால்சட்டை காலுறைக்குள் திணித்திருந்தது. "அட்டை இல்லைம்மா, கொசுதான்" என்று மருந்துக் குப்பியை நீட்டினார்.

நாங்கள் போனது உலு பாண்டான் காடு. டோவர் காடு என்றும் சொல்வார்கள். 33 ஹெக்டேர். நம் கணக்கில் எண்பது ஏக்கர். அதற்குள் நுழைந்து பத்து நிமிடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பலா. ரம்புத்தான். தென்னை. வரிசை மாறாமல் நாலைந்து ரப்பர் மரங்கள், பட்டையில் பழைய வெட்டுத் தழும்புகளோடு. காட்டில் எதற்கு ரப்பர் மரம் வரிசையாக நிற்கிறது?

ஐயா சிரித்தார். "நான் பிறந்தது இந்தக் கம்பத்துலதான். அந்த டுரியான் மரத்துக்கு அந்தப் பக்கம் கிணறு. நாங்க எல்லாம் எழுபதுகள்ல கழக வீட்டுக்குக் குடிமாறினப்புறம் முளைச்ச காடு இது. என்னைவிட இளையது."

கம்பம் என்றால் மலாயில் கிராமம். கழகம் என்றால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். அங்குள்ள தமிழ்ப் பத்திரிகைகளில் சுருக்கமாக வீவக. 1960இல் தொடங்கியது. மறு வருடம் மே மாதம் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் பிடித்த தீ ஏறத்தாழ 16,000 பேரைத் தெருவில் நிறுத்தியது. அதன் பிறகு அந்த நாடு திரும்பிப் பார்க்கவில்லை. கம்பங்களைக் காலிசெய்து ஆட்களை மாடியேற்றிக்கொண்டே போனது. இன்று குடியிருப்பாளர்களில் முக்கால்வாசிக்கும் மேல் வீவக வீடுகளில்தான் இருக்கிறார்கள். மனிதர்கள் மேலே போனதும் கீழே கைவிட்ட தோட்டங்களில் மரங்கள் கூடின. ஆகவே சிங்கப்பூரின் இன்றைய வீட்டுச் சண்டைகளில் பாதி, அறுபதுகளின் வீட்டுத் திட்டம் விட்டுவைத்த காடுகளைப் பற்றியவை.

பேச்சை நிறுத்தி ஐயா கையை உயர்த்தினார். எங்கிருந்தோ ஒரு சீழ்க்கை, அதைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று, பிறகு இரண்டும் பின்னி உருண்டு இறங்கின. வைக்கோல் நிறத் தலைகொண்ட சின்னான். மலாய்க்காரர்கள் பாராவ்-பாராவ் என்கிறார்கள். குரலுக்காகவே கூண்டில் அடைத்து அடைத்துத் தென்கிழக்காசியா முழுக்கத் தீர்த்துவிட்டார்கள். உலகில் அற்றுப்போகும் விளிம்பில் உள்ள பறவை. எஞ்சியதில் கணிசமான பங்கு, எங்கும் கட்டடமாக இருக்கும் இந்தத் தீவில்தான் வாழ்கிறது. இதன் அறிவியல் பெயரில் இலங்கை இருக்கிறது. இலங்கையில் இந்தப் பறவை கிடையாது. யாரோ ஒரு காலத்தில் தப்பாகச் சீட்டெழுதியதன் மிச்சம்.

ஒரு மேட்டில் நின்று ஐயா போனில் பெருந்திட்ட வரைபடத்தைத் திறந்தார். நகர மறுசீரமைப்பு ஆணையம் வெளியிடும் நிலப்பயன்பாட்டு வரைபடம் அது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலிப்பார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நாங்கள் நின்ற இடத்துக்கு நேரே குடியிருப்பு என்றிருந்தது. 2003 முதலே அப்படித்தான். பக்கத்து கிளமெண்டி காடு 1998 முதல். மரங்கள் அங்கே காடாக நிற்பதெல்லாம், வீடு வரும்வரை கொடுத்த தவணைதான்.

2020 கடைசியில் வீவக இந்தக் காட்டின் உயிரின ஆய்வை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் மனுவில் கையெழுத்திட்டார்கள். நாடாளுமன்றம் வரை பேச்சு போனது. 2021 ஜூலையில் முடிவு வந்தது. கிழக்குப் பாதியில் வீடுகள். மேற்குப் பாதியை இப்போதைக்குத் தொடுவதில்லை, சுமார் பத்தாண்டு கழித்து மறுபடி யோசிப்பார்கள். ஒரு பகுதி இயற்கைப் பூங்கா ஆகும்.

"பாதிக்குப் பாதி. நியாயந்தானே?" என்றேன்.

"சின்னானுக்குப் பாதிக் காடுன்னா பாதிச் சின்னான்னு கணக்கு வராதும்மா" என்றார் ஐயா. "மனுவுல நானும் கையெழுத்துப் போட்டேன். போட்ட கையோட பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. அவ வீட்டுக்கு மனு போட்டது எங்கேன்னு நினைக்கிறீங்க? இதோ, இந்தக் கிழக்குப் பாதியில. குலுக்கல்ல நம்பர் வரலைன்னு அழுதா. அவளுக்கு வரலைன்னா இன்னொருத்திக்கு வந்திருக்கும். மரம் போனது போனதுதான்."

மரங்களுக்கு மேலே மஞ்சள் கிரேனின் கை மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பவே இல்லை.

இந்தியாவிலிருந்து போகிறவருக்கு இங்கே ஒரு விஷயம் உறுத்தும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கென்று சிங்கப்பூரில் தனிச் சட்டமே இல்லை. அரசுத் துறைகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வழிமுறைதான். நம்மிடம் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 2006 அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியாக வேண்டும். சட்டம் உள்ள ஊரில் ஏரி காணாமல் போகிறது. சட்டமில்லாத ஊரில் மலைப்பாம்புக்காக அரை நாள் வேலை நிற்கிறது. அதற்காக அவர்களைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் எனக்கு மனமில்லை. கிராஞ்சியில் ரயில் பாதையை ஒட்டிய காட்டில் உயிரின ஆய்வு முடியும் முன்பே சில ஹெக்டேரை வெட்டிவிட்டார்கள். 2021இல் அது வெளியே தெரிந்தபோது அமைச்சர்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. தப்பு அங்கேயும் நடக்கிறது. தப்பு என்று பெயர் சொல்லி அழைக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். சில நாட்களில் அது பெரிய வித்தியாசமாகத் தோன்றியது.

திரும்பும் வழியில் ஐயா குனிந்து எதையோ எடுத்தார். விழுந்த டுரியான், உள்ளங்கையில் அடங்கும் அளவு. காட்டு மரத்துப் பழம், சதை குறைவு, கொட்டை பெரிது. பேனாக்கத்தியால் பிளந்து ஒரு சுளை கொடுத்தார். பழைய சாக்கடையும் பாதாம் பாலும் சேர்ந்த ஏதோ ஒன்று. "எங்க அம்மா நட்ட மரமா இருக்கலாம்" என்றார். கொட்டையைத் துப்பப்போன நான் கையில் வாங்கி, ஓரமாக மண்ணில் வைத்தேன். வீண் வேலை என்று தெரிந்துதான்.

தெங்கா

சித்தி மகளின் வீடு பதினான்காவது மாடியில். போன வருடம்தான் சாவி கிடைத்ததாம். கணவர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். நிச்சயமான கையோடு வீட்டுக்குப் பதிந்தார்கள். கட்டி முடிவதற்குள் பெரியவள் பால்வாடிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். அங்கே தேவைக்கேற்பக் கட்டித் தரும் முறை. முதலில் பதிவு, பிறகு குலுக்கல், பிறகு மூன்று நான்கு வருடக் காத்திருப்பு, அதன் பிறகு 99 வருடக் குத்தகை. சொந்த வீடு என்றுதான் சொல்கிறார்கள். நூறாவது வருடம் அரசுக்குப் போய்விடும் சொந்த வீடு.

தெங்கா என்றால் மலாயில் நடு என்று பொருள். 700 ஹெக்டேர். செங்கல் சூளைகள், கம்பங்கள், பிறகு ராணுவப் பயிற்சி நிலம் என்று பல பிறவி எடுத்து, நடுவில் யாரும் கவனிக்காத நேரத்தில் காடானது. 2016இல் இதை வனநகரம் என்று அறிவித்தார்கள். சுமார் 42,000 வீடுகள். பேட்டைகளின் பெயர்களைப் பாருங்கள்: தோட்டம், பூங்கா, காட்டுக்குன்று. எதை வெட்டுகிறோமோ அதன் பெயரைத் தெருவுக்கு வைப்பது உலக வழக்கம். எங்கள் பக்கம் ஏரிக்கரைத் தெருக்கள் இருக்கின்றன, கரையும் இல்லை, ஏரியும் இல்லை.

அவள் நெத்திலிச் சம்பலைக் கிண்டிக்கொண்டிருக்க, நான் ஜன்னலில் நின்றேன். கீழே ஒரு பச்சைப் பட்டை. நூறு மீட்டர் அகலம், ஐந்து கிலோமீட்டர் நீளம். மேற்கே உள்ள நீர்ப்பிடிப்புக் காட்டையும் தீவின் மையக் காட்டையும் இணைக்க விட்டுவைத்த வனவழி. தலையைச் சுற்றிலும் மழித்து நடுவில் விட்ட குடுமி போல் இருந்தது. இயற்கை ஆர்வலர்கள் இதைவிட அகலமாகக் கேட்டார்கள். கிடைத்தது நூறு மீட்டர். அந்த எண் எப்படி வந்தது என்று மைத்துனரைக் கேட்டேன். "பன்றிக்கு அம்பது போதும்னு ஒருத்தர் சொல்லியிருப்பார், அழுங்குக்கு எரநூறு வேணும்னு இன்னொருத்தர் சொல்லியிருப்பார்" என்றார் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே. அவர் சொன்னது வெறும் ஊகம். ஆனாலும் எனக்கு அது பிடித்திருந்தது. எங்கோ ஒரு அறையில் பன்றிக்கு எத்தனை மீட்டர் என்று பேசியிருப்பார்கள் என்று கற்பனையாவது செய்ய முடிகிறதே.

"காட்டைப் பாத்த வீடுன்னு ஆசையா எடுத்தோம்க்கா" என்றாள் சித்தி மகள். "இப்ப கொரங்கு வருது, ஜன்னலத் தொறக்க முடியல. குழுவுல தெனம் ஒரு புகார். போன மாசம் பன்னி வந்து குப்பைத்தொட்டியச் சாச்சிட்டுப் போச்சு. ஒருத்தர் கேக்குறார், இதுங்கள வேற எங்கயாச்சும் அனுப்பக் கூடாதான்னு."

"வேற எங்க?"

அவள் யோசித்தாள். "அதான் எனக்கும் தெரியல."

தீவுக்கு வெளியேதான் அனுப்ப வேண்டும். வெளியே அனுப்புவதும் வெளியிலிருந்து வாங்குவதும் சிங்கப்பூருக்குப் புதிதல்ல. விடுதலை பெற்றபோது சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இப்போது 730ஐத் தாண்டிவிட்டது. கடலில் மண்ணடித்தே அத்தனையும். மணல் அக்கம்பக்கத்து நாடுகளின் ஆற்றிலிருந்தும் கடலிலிருந்தும் வந்தது. மலேசியா 1997இல் ஏற்றுமதியை நிறுத்தியது, இந்தோனேசியா 2007இல், கம்போடியா 2017இல். தன் எல்லைக்குள் ஒரு சின்னானுக்காக ஆறு மாதம் விவாதிக்கும் நாடு, எல்லைக்கு வெளியே ஆற்றுப்படுகை குழியானதைப் பெருந்திட்டத்தில் எங்கே குறித்துக்கொண்டது? அந்த வரைபடத்தில் கடல் வெறும் நீலம்தான்.

சம்பல் நன்றாக இருந்தது. வேர்க்கடலையை அம்மியில் தட்டிப் போட்டாளாம். பதினான்காம் மாடியில் அம்மி! சித்தி கப்பலில் அனுப்பியது.

லோரோங் புவாங்கோக்

சிங்கப்பூர்ப் பெருநிலத்தின் கடைசிக் கம்பத்தைப் பார்க்க அரை மணி நேரம் போதும். தகரக் கூரை வீடுகள், இருபத்தைந்து குடும்பத்துக்கு மேல் இருக்காது. சேவல், கிணற்றடி, முருங்கை. மூன்று பக்கமும் அடுக்குமாடிகள் எட்டிப் பார்க்கின்றன. பெருந்திட்டத்தில் இந்த இடத்துக்குச் சாலையும் பள்ளியும் எழுதியிருக்கிறது. எப்போது என்றுதான் இன்னும் சொல்லவில்லை.

இந்தக் கம்பத்துக்கு மலாயில் செல்லப்பெயர் ஒன்று உண்டு: கம்போங் செலாக் காயின். கைலியைத் தூக்கிச் செருகும் ஊர். தாழ்ந்த நிலம், மழை பெய்தால் வெள்ளம். பெயரைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வாசலில் காய்ந்த மிளகாயைத் திருப்பிக்கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்தார். 2015 டிசம்பரில் என் அடுக்ககத்தின் படிக்கட்டில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையில் பத்திரப்பெட்டியோடு நின்ற என் படம் இன்னும் குடும்பக் குழுவில் சுற்றுகிறது. அதை அந்தப் பாட்டிக்கு எந்த மொழியில் சொல்ல?

பிடாடாரி

வித்தியாதரி என்ற வடசொல் மலாய்க்குள் போய் பிடாடாரி ஆயிற்று. தேவமகளிர். அந்த அழகான பெயர் பல பத்தாண்டுகள் ஒரு இடுகாட்டுக்கு இருந்தது. கிறிஸ்தவர், இஸ்லாமியர், இந்துக்கள் எல்லோருக்கும் இங்கே இடம் இருந்தது. 1970களில் புதைப்பதை நிறுத்தினார்கள். 2001 முதல் 2006 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள். வீடு கட்டத்தான். சுமார் 10,000 வீடுகள்.

கல்லறையைத் தோண்டுவதா என்று நமக்குத் திக்கென்கிறது. அங்கே 1998 முதல் புதைகுழிக்கே 15 வருடம்தான். அதற்குப் பிறகு எடுத்து எரிக்க வேண்டும், அல்லது எரிக்கக் கூடாத மதத்தவரென்றால் சிறிய இடத்தில் சேர்த்துப் புதைக்க வேண்டும். உயிரோடு இருப்பவருக்கு 99, இறந்தவருக்கு 15, காட்டுக்கு அடுத்த மறுபரிசீலனை வரை. யாருக்கும் எதுவும் சாசுவதம் இல்லை என்பதைத் தேதி போட்டு எழுதிவைத்திருக்கும் ஊர் அது. நாமோ சந்திரசூரியர் உள்ளவரை என்று கல்லில் வெட்டிய பரம்பரை. பத்திரத்தில் இன்றும் புத்திர பௌத்திர பாரம்பரியமாக அனுபவித்துக்கொள்ள என்றுதான் எழுதுகிறோம்.

2024இல் திறந்த பூங்காவில் ஏரி ஒன்று இருக்கிறது. பழைய நாளில் அல்காஃப் குடும்பத்தார் வைத்திருந்த ஏரித் தோட்டத்தின் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். அழகுக்கு மட்டுமில்லை, பெருமழையில் வெள்ளத்தைத் தேக்கிவைத்து மெல்ல விடும் தொட்டியும் அதுதான். ஏரியை வைத்துக்கொண்டு வீடு கட்டினால் ஏரி வீட்டைப் பார்த்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க நாம் சிங்கப்பூர் போக வேண்டியதில்லை. மதகு, கலிங்கு, மடை, வாய்க்கால் என்று ஒவ்வொன்றுக்கும் சொல் வைத்திருந்தவர்கள்தான் நாம்.

மரங்கள் அடர்ந்த சிறு மேட்டுக்குக் கீழே, பெரிய கேமராவை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சீனப் பெரியவர். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார். ஜூலையில் வலசைப் பறவைகள் இருக்காது. இருந்தாலும் பழக்கம் விடவில்லை, வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்றார். பழைய படங்களைக் காட்டினார். மண் நிறைந்த மேடை மேல் நீல இறகுப் பறவை ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. நம் ஆறுமணிக் குருவிக்கு ஒன்றுவிட்ட உறவு. அடுத்த படத்தில் அதே மேடை, வேறு பறவை. தேதி 2013. மக்கள் வராத பழைய கல்லறைத் தோட்டத்தில், வடக்கேயிருந்து வரும் பறவைகள் இறங்கி இளைப்பாறின. படம் பிடிப்பவர்களுக்கு அது சொர்க்கமாக இருந்தது.

"இப்போது வருகிறதா?"

"சில." விரல்களை எண்ணுவதுபோல் மடக்கினார். "அந்த மேட்டை விட்டுவைத்தார்களே. அக்டோபரில் வா, சேர்ந்து எண்ணலாம்."

அவர் வீடு எங்கே என்று கேட்டேன். ஏரிக்கு அந்தப் பக்கம் பளபளவென்று நின்ற புதிய புளோக்கைக் காட்டினார். ஒன்பதாவது மாடி. காட்டிவிட்டு, மன்னிப்புக் கேட்பதுபோல் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். குளிர்காலத்தில் மொட்டை மாடியில் நின்று, தூரத்தில் பூநாரைக் கூட்டம் தெரிகிறது என்று விருந்தாளிகளுக்குக் காட்டும்போது என் முகத்திலும் அதுதான் இருக்கும்.

மடிப்பாக்கம்

2009இல் இந்த வீட்டை வாங்கியபோது முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தோம். வில்லங்கம் ஏதுமில்லை என்று வந்தது. மூலப்பத்திரம் சுத்தம், திட்ட அனுமதி உண்டு, வங்கியும் கடன் கொடுத்தது. தண்ணீர் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடவில்லை என்பதால் அதன் பாத்தியதை எங்கும் பதிவாகவில்லை. 2015இல் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு மறுபடி வந்தது. அதற்கு வழி தெரியும்.

பக்கத்திலிருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பைப் பெரியவர்கள் கழுவெளி என்பார்கள். தென்சென்னையில் ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை, ஏரி ஏரியாக நிரம்பி வழிந்து இங்கே வந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலுக்குப் போகும். அறுபதுகளில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததில் இப்போது மிஞ்சியது ஒரு சிறு பங்குதான். குப்பைக்கிடங்கு, சாலை, ரயில் நிலையம், அரசு அலுவலகம், மென்பொருள் வளாகம், என் வீடு. 2007இல் ஒரு துண்டைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022இல் 1,247 ஹெக்டேர், ராம்சார் ஒப்பந்தப்படி காக்க வேண்டிய ஈரநிலமாக, ராம்சார் தலமானது.

யோசித்துப் பார்க்கிறேன். இத்தனை ஆயிரம் ஹெக்டேர் சதுப்பை வீடாக்குவது என்று எந்த வருடம், எந்தக் கூட்டத்தில், யார் முடிவெடுத்தார்கள்? யாருமில்லை. உலு பாண்டானில் பாதிக் காட்டை வெட்டியவர்களுக்குத் தேதி இருக்கிறது, கோப்பு இருக்கிறது, எதிர்த்தவர்களின் மனு இருக்கிறது. இங்கே அறுபது வருடத்தில் ஒருவரும் முடிவெடுக்காமலேயே ஒரு கழுவெளி தீர்ந்தது. அவர்கள் எடுத்த முடிவின் மேல் எனக்குப் பொறாமையில்லை. பாதிச் சின்னான் என்ற கணக்கு ஐயாவைப் போலவே எனக்கும் ஒப்பவில்லை. ஐயாவுக்குக் கோபித்துக்கொள்ள ஒரு முகவரி இருக்கிறது. எனக்கு அதுகூட இல்லை.

நான் ஊர் திரும்பிய இரண்டாம் மாதம், 2025 செப்டம்பரில், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு ஓர் உத்தரவு போட்டது. ராம்சார் தலத்தின் தாக்க மண்டலம் வரையறுக்கப்படும் வரை, அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டட அனுமதி கூடாது. அன்று இரவு எங்கள் அடுக்ககக் குழுவில் வந்த செய்திகளைப் படித்தபோது தெங்காவின் குரங்குப் புகார்கள் நினைவுக்கு வந்தன. நாம் எல்லைக்குள் வருகிறோமா? விற்க முடியுமா? வங்கி அடுத்த கடன் கொடுக்குமா? மேல்மாடி போடலாம் என்றிருந்தவர் தலையில் கைவைத்தார். மகள் கல்யாணத்துக்கு ஃபிளாட்டை விற்கவிருந்தவர் ஒன்றும் எழுதவில்லை. பேசாமல் இருந்தவரை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் எந்தச் சதுப்பையும் தூர்க்கவில்லை. அங்கீகாரம் என்று அரசு முத்திரை குத்திக் கொடுத்ததை நம்பி வாங்கியவர்.

அக்டோபர் இரண்டாம் வாரம் சங்கக் கூட்டம். மழைக்கு முன் வண்டி நிறுத்துமிடத்தை ஓர் அடி உயர்த்துவது என்று ஏகமனதாகத் தீர்மானம். நானும் கை தூக்கினேன். உயர்த்தாவிட்டால் மோட்டார் அறை மூழ்கும், மூன்றாம் மாடியில் ஆக்ஸிஜன் இயந்திரத்தோடு ஒரு பெரியவர் இருக்கிறார், வேறென்ன செய்ய?

லாரி ராத்திரி பத்தரை மணிக்கு வந்தது. பகலில் விடமாட்டார்களாம். இரண்டு லோடு. செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனேன். டார்ச் வெளிச்சத்தில் மண் கருப்பாக, பிசுபிசுவென்று, நல்ல வளமாக இருந்தது. ஒரு கை அள்ளினேன். உள்ளே நத்தை ஓடுகள். வெள்ளை வெள்ளையாக, சுண்டுவிரல் நக அளவில், பத்து இருபது. கூடவே அல்லித்தண்டு ஒன்று, இன்னும் ஈரம் காயாமல்.

"எந்த ஏரி மண்ணு இது?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"நல்ல மண்ணு மேடம்" என்றார் அவர்.

வாட்ச்மேன் கேட்டை அகலத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தார். பின்னால் வரும் லாரியின் பீப் பீப் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, "எங்க கொட்டச் சொல்லட்டும்மா?" என்றார்.